கண்ணாடித் தொட்டியில் சிறுத்தைப் பல்லி: சித்திரை வெயிலில் எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: பிறந்தநாள் பரிசாக வந்த லெப்பர்ட் கெக்கோ பல்லி 12 நாள்களாகச் சாப்பிடவில்லை. வால் மெலிந்துவிட்டது. இதை எப்படி வளர்க்க வேண்டும்? முடியாவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாமா?
- வாசகி, கரூர் மாவட்டம்

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை விவசாயம் செய்யும் குடும்பம் இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்குச் சென்னையில் இருக்கும் தாய்மாமன் மூன்று மாதத்துக்கு முன்பு வாங்கிக்கொடுத்திருக்கிறார். ஒரு அடி நீளமுள்ள மீன் தொட்டி, அதில் ஆற்று மணல், மேலே இரவும் பகலும் எரியும் 60 வாட் சிவப்பு பல்பு. கடைக்காரர் சொன்ன ஏற்பாடு இவ்வளவுதான். தீனியாக முதலில் சோறு, வேகவைத்த முட்டை, தக்காளி வைத்திருக்கிறார்கள். தொடவே இல்லை. பிறகு பையன் முருங்கைத் தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டிருக்கிறான். சில வாரம் தின்றது, இப்போது அதையும் நிறுத்திவிட்டது. கால் விரல்களில் பழைய தோல் ஒட்டிக் கிடக்கிறது. “பல்லிதான, தோட்டத்துல கொண்டுபோய் விட்டுரு, பூச்சி தின்னு பொழச்சுக்கும்” என்கிறார் வீட்டுக்காரர். பையன் அழுகிறான். விஷப் பல்லி என்று மாமியார் அந்த அறைப் பக்கமே வருவதில்லை.

மாமியாரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இந்தப் பல்லிக்கு விஷம் கிடையாது. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் கிடையாது. பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். உணவில் பல்லி விழுந்தால் வாந்தி, பேதி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே தொட்டியைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் பாத்திரம் துலக்கும் இடத்தில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

தோட்டத்தில் விடுவது பற்றி வீட்டுக்காரர் சொல்வது நடக்காத காரியம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் ஆகிய வறண்ட கல்லாங்காடுகள்தான் லெப்பர்ட் கெக்கோவின் சொந்த இடம். கடைக்கு வருபவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்தவை. வீட்டுப் பல்லிக்கு இருப்பது போல விரலடியில் ஒட்டும் பட்டை இதற்கு இல்லை, நகம் மட்டும்தான். சுவரிலோ வழவழப்பான மரத்திலோ ஏறித் தப்பிக்கத் தெரியாது. பூனைக்கும் காக்கைக்கும் ஒரு நாள்கூடத் தாங்காது. தப்பித்தவறிப் பிழைத்தாலும் நம் ஊரில் இல்லாத உயிரினத்தையும், அது சுமந்துவந்த நோயையும் நம் காட்டில் விட்டதாகிவிடும். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலோ, ஏற்கெனவே இதை வளர்த்துப் பழகியவரிடமோ ஒப்படைக்கலாம். ஆனால் கடிதத்தில் சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்தப் பல்லியைத் தேற்றிவிட வாய்ப்பு இருக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்த பல்பை அணைப்பது. ‘ஊர்வனவற்றுக்குச் சூடு வேண்டும்’ என்று புத்தகங்களில் எழுதியிருப்பது உண்மைதான். அதை எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். சித்திரை மாதம் கரூரில், சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில், ஒரு அடி கண்ணாடித் தொட்டிக்குள் 60 வாட் பல்பு என்றால் அது அடுப்புதான். இந்தப் பல்லிக்குத் தொட்டியின் ஒரு மூலையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவும், எதிர் மூலை 25, 26 டிகிரியாகவும் இருக்க வேண்டும். சூடு வேண்டும்போது அங்கே போகும், போதும் என்றால் இங்கே வரும். ஊர்வனவற்றின் உடல் தானாகச் சூட்டைச் சமன்செய்யாது. இடம் மாறித்தான் செய்துகொள்ளும். ஒரு அடித் தொட்டியில் இடம் மாற வழியே இல்லை. முழுத் தொட்டியும் ஒரே கொதிப்பு. அது சாப்பிடாமல் போனதற்கு முதல் காரணம் இதுவாகவே இருக்கும்.

வீட்டில் கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் இருந்தால் அதில் இருக்கும் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அதன் முனையைத் தரையில் வைத்து, பிற்பகல் 3 மணிக்கு இரண்டு மூலையிலும் அளந்து எழுத வேண்டும். குளிர்ந்த மூலையே 32 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்காக நின்றால் ஆபத்து. தொட்டியை ஷீட் கூரை அறையிலிருந்து எடுத்து, ஓட்டு வீடோ தளம் போட்ட அறையோ இருந்தால் அங்கே, வெயில் படாத சுவர் ஓரமாகத் தாழ்வாக வைக்கலாம். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி, குளிர்ந்த மூலைக்கு மேலே வலைமூடியில் வைத்தால் நான்கைந்து டிகிரி குறையும். ஈரச் சாக்கைத் தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிடலாம். முழுவதும் மூடினால் காற்றோட்டம் போய்விடும். ‘வெயில் காட்டுகிறேன்’ என்று கண்ணாடித் தொட்டியைக் களத்தில் வைப்பது கூடவே கூடாது. பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும்.

மார்கழி, தை மாதங்களில் நிலைமை வேறு. இரவில் 20 டிகிரி வரை இறங்குவதை இது தாங்கும். பகலிலும் சூடு எட்டாத நாள்களில் ஒரு மூலைக்கு அடியில் ஹீட் மேட் வைக்கலாம். அதைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கக் கூடாது. அதற்கும் இன்குபேட்டர் தெர்மோஸ்டாட்டே போதும். மின்சாரம் போய் வரும் ஊர்களில், வந்தவுடன் சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களில் வளர்ப்பவர்களுக்குத்தான் ஆண்டு முழுவதும் சூட்டுக்கு ஏற்பாடு தேவைப்படும்.

அடுத்தது மணல். அதை முழுவதும் அள்ளிவிட வேண்டும். பூச்சியைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பல்லி மணலை நக்கவும் செய்யும். அது குடலில் அடைத்துக்கொண்டால் எச்சம் போகாது, தீனியும் எடுக்காது. பல்லி தேறும் வரை தரைக்குப் பழைய செய்தித்தாளே சிறந்தது. தினமும் மாற்றலாம், எச்சம் எப்படி இருக்கிறது என்றும் தெரியும். தேறிய பிறகு சொரசொரப்பான களிமண் டைல்ஸ் பதிக்கலாம். மெழுகு போட்டது போன்ற வழுக்கும் டைல்ஸ் வேண்டாம்.

நிரந்தர வீடு மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் ஒரு பல்லிக்கு ஆயுளுக்கும் போதும். இரண்டரை அடிக்கு ஒரு அடி என்பது குறைந்தபட்சம். பெரிய மீன் தொட்டி கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் இது ஏறாது. உள்ளூர் ஆசாரியிடம் பிளைவுட்டில் பெட்டி அடித்து முன்பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டால் செலவும் குறையும், கண்ணாடித் தொட்டியைப் போலக் கொதிக்கவும் செய்யாது. வார்னிஷ் வாடை முழுவதும் போன பிறகுதான் பல்லியை விட வேண்டும். மேல்மூடிக்கு ஜன்னலில் அடிக்கும் இரும்புக் கொசுவலை. பெட்டி வைக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். கிராமத்து வீட்டில் பூனையைவிட எறும்பு பெரிய எதிரி. தின்னாமல் செத்துக் கிடக்கும் ஒரு புழுவைத் தேடி வரும் எறும்புக் கூட்டம், மூலையில் ஒடுங்கியிருக்கும் பல்லியையும் விடாது. அதற்காக எறும்பு மருந்து தூவவோ, கொசுவர்த்தி ஏற்றவோ, கரப்பான் ஸ்பிரே அடிக்கவோ கூடாது. அந்த அறையில் எதுவும் வேண்டாம்.

இது பகலில் ஒளிந்து, அந்தி சாயும்போது வெளியே வரும் பிராணி. ஒளிய இடம் இல்லாவிட்டால் பயத்திலேயே தீனியை விட்டுவிடும். இதற்காகக் கடையில் பிளாஸ்டிக் குகை வாங்க வேண்டியதில்லை. அரைவட்டமான நாட்டு ஓடு இரண்டைக் கழுவிக் காயவைத்து, சூடான மூலையில் ஒன்று, குளிர்ந்த மூலையில் ஒன்று கவிழ்த்தால் போதும். மூன்றாவதாக ஒரு ஈர வீடு வேண்டும். மூடியுள்ள சின்ன டப்பாவின் பக்கத்தில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவை ஈரமாக நிரப்பி வைக்க வேண்டும். தோல் உரிக்கும் நாள்களில் அது தானாகவே அதற்குள் போய்விடும். கல் வைப்பதானால் பெட்டியின் அடித்தளத்தில் நேரடியாக அமர்த்த வேண்டும். ஆடும் கல்லுக்கு அடியில் தோண்டி நசுங்கிச் சாகும் பல்லிகள் உண்டு. ஓரத்தில் ஒரு ஆழமில்லாத கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர். வெளிச்சம் பகல் 12 மணி நேரம் இருந்தால் போதும், இரவில் இருட்டாக விட வேண்டும். சிவப்பு பல்பு அதன் கண்ணில் படாது என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

விரலில் ஒட்டிய தோலை இன்றே கவனிக்க வேண்டும். அது காய்ந்து நூல் போல இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். ஓட்டை போட்ட டப்பாவில் பாதம் நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பல்லியைக் கால் மணி நேரம் நிற்கவைத்து, பிறகு நனைத்த காது குடையும் பஞ்சால் மெல்ல உருட்டி எடுக்க வேண்டும். வராவிட்டால் இழுக்கக் கூடாது, மறுநாள் திரும்பச் செய்யலாம். கண் இமையில் ஒட்டியிருந்தால் வீட்டில் தொடாமல் மருத்துவரிடம் போவதே சரி. உரிந்த தோலை அதுவே தின்றுவிடும், அது இயல்பு.

தீனி விஷயத்தில்தான் விவசாயக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. ‘தோட்டம் நிறையப் பூச்சி இருக்கிறது, இதற்கா பஞ்சம்’ என்று தோன்றும். இந்தப் பல்லி உயிருள்ள பூச்சியைத் தவிர வேறெதையும் உணவாக ஏற்காது. சோறு, பழம், காய் எதுவும் அதற்கு ஆகாது. அந்த வகையில் வெட்டுக்கிளி சரியான தேர்வுதான். ஆனால் முருங்கையில் கம்பளிப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், சாகாமல் தத்திக்கொண்டிருக்கும் வெட்டுக்கிளியின் உடம்பிலும் அது இருக்கும். பையன் கைக்கு எளிதாகச் சிக்குவதும் அப்படித் தள்ளாடும் பூச்சிதான். 60 கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு அந்த அளவே அதிகம். இயற்கை விவசாயத் தோட்டம் என்றாலும் பக்கத்துக் காட்டில் அடித்தது காற்றில் வரும், பூச்சியும் வரப்பு பார்த்துப் பறப்பதில்லை. மின்மினிப் பூச்சியை மட்டும் எந்தத் தோட்டத்தில் பிடித்தாலும் கொடுத்துவிடக் கூடாது. அதன் உடலில் இயற்கையாகவே உள்ள நஞ்சு, ஒன்றிரண்டிலேயே பல்லி இனங்களைக் கொன்றுவிடும். கம்பளிப்புழுவும் கூடாது.

ஆகவே தீனியை வீட்டிலேயே வளர்ப்பதுதான் வழி. பறவை, மீன் விற்கும் கடைகளில் மீல்வார்ம் என்ற புழு கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று விரல் உயரம் கோதுமைத் தவிடு கொட்டி, அதில் புழுவை விட்டு, ஈரத்துக்கு இரண்டு துண்டு கேரட் போட்டால் அதிலேயே வளரும். புழு கூட்டுப்புழுவாகி, கறுப்பு வண்டாகி, முட்டையிட்டு மறுபடி புழு வரும். கேரட் பூசணம் பிடிக்கும் முன் மாற்ற வேண்டும். கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சில்வண்டும், டூபியா கரப்பானும் இதைவிடச் சத்தானவை. கோழித் தீனிக்காகக் கறுப்பு ஈப் புழு என்ற பி.எஸ்.எஃப். வளர்ப்பவர்கள், காய்கறிக் கழிவில் வளர்ந்த சின்னப் புழுக்களைக் கொடுக்கலாம். அதில் சுண்ணாம்புச் சத்து மற்றப் பூச்சிகளைவிட அதிகம். கோழி எருவில் வளர்ந்தது வேண்டாம். பூச்சி எதுவானாலும் பல்லியின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அந்தி நேரத்தில். கால் மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் சுற்றும் சில்வண்டு, தூங்கும் பல்லியைக் கடித்துப் புண்ணாக்கும்.

பூச்சியை மட்டும் தின்று இந்தப் பல்லி நன்றாக இருக்காது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கணக்கு சரியாகாவிட்டால் பல்லி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். தாடை ரப்பர் போல இளகும், கால் வளையும், பிறகு நடக்கவே முடியாது. ஆகவே கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிக்கு முருங்கைக் கீரையும் கேரட்டும் கொடுத்து, கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டி விட வேண்டும். பறவைக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை மாவாக அரைத்தும் பயன்படுத்தலாம். மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவை இதற்கு ஆகாது. அதிலும் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்து வாயை வெந்துபோகச் செய்துவிட வேண்டாம், அது வேறு பொருள். வைட்டமின் டி3 கலந்த பொடி வாரத்துக்கு ஒருமுறை போதும், அதிகமானால் அதுவும் கெடுதல்.

இந்தப் பல்லி கொழுப்பை வாலில்தான் சேமிக்கும். கொழுத்த வால் உள்ள பெரிய பல்லி சில வாரம் பட்டினியைத் தாங்கும், மெலிந்துவிட்டது என்றால் சேமிப்பு தீர்கிறது என்று பொருள். ஆகவே மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து நான்கைந்து நாளில் ஒரு புழுவாவது எடுக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. தாடை இளகியிருந்தாலோ, கண் வீங்கியிருந்தாலோ, வயிறு உப்பி எச்சம் போகாமல் இருந்தாலோ அந்த நான்கு நாள்கூட வேண்டாம். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் ஊர்வன பார்க்கும் வசதி இருக்காது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கரூருக்குப் பக்கம். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு, புதிய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் பரிசோதனைக்கு உதவும். குடற்புழு இருந்தாலும் இப்படி மெலியும். ஆட்டுக்கு ஊற்றும் குடற்புழு மருந்தில் ஒரு சொட்டு கொடுத்துப் பார்ப்பது வேண்டாம்.

பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கலாம். வாரம் ஒருநாள் சமையலறைத் தராசு போன்ற டிஜிட்டல் தராசில், இதற்கென்றே வைத்த டப்பாவில் பல்லியை விட்டு எடை போட்டு எழுதட்டும். வளர்ந்த பல்லி 45 முதல் 80 கிராம் வரை இருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஏதோ கோளாறு. தேறும் வரை கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. பிறகும் வாலைப் பிடிக்கக் கூடாது, கழன்றுவிடும். மறுபடி முளைப்பது குட்டையாக, உருண்டையாக இருக்கும். தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் முன்னால் வைத்து, அதுவே ஏறி வரும்படி பழக்க வேண்டும். துணைக்கு இன்னொன்று வாங்கிச் சேர்க்க வேண்டாம். இரண்டு ஆண்கள் கடித்துக்கொண்டே சாகும், தனியாக இருப்பதால் இது ஏங்கிப்போவதில்லை.

நல்ல பராமரிப்பில் இது 15 முதல் 20 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பையன் பத்தாவது எழுதி, கல்லூரி விடுதிக்குப் போய், வேலைக்கும் போன பிறகும் பெட்டி வீட்டில்தான் இருக்கும். அப்போது புழுவுக்குக் கேரட் வெட்டிப் போடப்போவது யார் என்பதை வீட்டுக்காரரும் வாசகியும் இப்போதே பேசி முடிவு செய்வது நல்லது. வாங்கிக்கொடுத்த தாய்மாமனிடம் கடை ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒடிசா, ஆந்திரம், மகாராஷ்டிரம் பக்கங்களில் இதே சாயலில் நம் நாட்டுக் காட்டுப் பல்லிகள் இருக்கின்றன. விற்றது கூண்டில் பிறந்ததுதான் என்று காட்ட அந்த ரசீது தேவைப்படலாம்.

கேள்வி: 300 கிராம் எடையுள்ள பல்லியைப் பிடித்துக் கொடுத்தால் லட்சக்கணக்கில் பணம் தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. உண்மையா?
- வாசகர், சேலம் மாவட்டம்

இந்தச் செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதில் சொல்லப்படுவது டோக்கே கெக்கோ என்ற பெரிய பல்லி. சாம்பல் நீல உடம்பில் செம்புள்ளிகள் இருக்கும். வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் வாழ்கிறது, தமிழ்நாட்டுக் காட்டில் இல்லை. எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று கிளப்பிவிடப்பட்ட பொய்யால்தான் இதற்கு இந்த விலைப் பேச்சு வந்தது. அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது. 300 கிராம் என்ற நிபந்தனையிலும் சூது இருக்கிறது. அந்த எடையை எட்டும் டோக்கே மிக அரிது. ஆகவே யார் கொண்டுபோனாலும் ‘எடை போதவில்லை’ என்று சொல்லிவிடலாம், அல்லது ‘எடையுள்ள பல்லி ஒருவரிடம் இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள்’ என்று சொல்லிப் பணத்தைப் பறித்துக்கொள்ளலாம்.

2019 முதல் டோக்கே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டது. வைத்திருந்தாலோ விற்றாலோ வழக்கும் சிறையும்தான். எடையைக் காட்டுவதற்காக உடும்பைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புபவர்களுக்கும் அதே சட்டம்தான். அப்படி யாராவது முன்பணம் கேட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். பல்லியை நேரில் கொண்டுவந்து விலை பேசினால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும்.